மோட்டார் ஓடாத நாள்

நேற்று மாதம்மாளிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். தருமபுரி பஸ் நிலையத்தில் காத்து நின்று வாங்கிக்கொண்டேன். மேலே சணல் கயிறு, அதற்குள் உரச்சாக்குத் துண்டு, அதற்குள் செய்தித்தாள். பிரித்தால் பேட்டரி தீர்ந்துபோன மீட்டர், அதன் கறுப்பு ஒயர்ச் சுருளோடு. கூடவே ஒரு உருண்டை புதுப்புளி. ஆழ்துளைக் கிணற்றின் போர்க்குழாய்க்குள் ஊறிய இரும்பின் வாசனையும் புளி வாசனையும் சேர்ந்து மேசையெல்லாம் பரவியது.

நீங்கள் இருந்திருந்தால் முதலில் அந்த ஒயரை மூக்கருகே கொண்டுபோயிருப்பீர்கள். "இது மூணாவது போரு. இந்தத் துரு வாசனை வேற எதுக்கும் வராது" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் மீட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்ப்பீர்கள். பாதி நாள் சரியாக இருக்கும். தப்பாகப் போனால், "நம்பர் ஒட்டுன ஆளு மாத்தி ஒட்டிட்டாங்க" என்பீர்கள். ஒட்டியது நீங்கள்தான்.

நேற்று நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்கு எல்லாப் போரும் ஒரே வாசனைதான். ஆனால் உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீங்கள் இரண்டு வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்குப் பதில் மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாளில் உங்களை நான் பெரிதாக மதிக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய அமைப்பு சின்னது. பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை, நிலத்தடி நீரைக் கவனிப்பது வேலை. சித்தேரி மலைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று சிற்றூர்களில், ஏழு போர்களுக்குள் மீட்டரை இறக்கியிருந்தோம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அவை எழுதி அனுப்பும். நான் அதைக் கணினி வரைபடத்தில் ஏழு புள்ளிகளாக வைத்திருந்தேன். தண்ணீர் மேலே இருந்தால் நீலம், கீழே போனால் சிவப்பு. பதினைந்து வருடம் வரைபடம் போட்டவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. என் வரைபடத்தில் எதுவும் அசையாது. அதுதான் அதன் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் ஸ்கூட்டி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள்.

"அழகா இருக்குங்க சார். இது எப்போ?"

"எப்போன்னா?"

"இந்தத் தண்ணி எப்ப இருந்த தண்ணி? காத்தாலயா, மத்தியானமா?"

கடைசியாக வந்த அளவு என்றேன். "அப்ப முந்தாநேத்து தண்ணி எங்க போச்சு?" என்றீர்கள். எண்கள் நிறைந்த பட்டியலைத் திறந்து காட்டினேன். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா எனக்குத் தூக்கந்தான் வரும். படத்துல காட்டுங்க" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஆனால் அனுபவம் எனக்கல்லவா அதிகம்! இருந்தும் அந்த வாரமே வரைபடத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அதில் ஒரு பொத்தானை வைத்தேன். பொத்தானை இடமிருந்து வலமாக இழுத்தால் நாட்கள் ஓடும். புள்ளிகள் நிறம் மாறும். நீங்கள் ஒரு வாரத்தை இழுத்துப் பார்த்தீர்கள். ஏழு புள்ளியும் காலையில் நீலம், மதியம் சிவப்பு, மறுநாள் விடிந்தால் மறுபடி நீலம். திரும்ப இழுத்தீர்கள். திரும்ப.

"மூச்சு வுடுதுங்க சார்!" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அன்றுதான் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

அடுத்தது உங்கள் நோட்டு. மாம்பழப் படம் போட்ட அட்டை, நான்கு கட்டம்: நாள், நேரம், ஊர், நடந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டியில் அந்த மூன்று ஊரையும் சுற்றி, கேட்டதை எல்லாம் எழுதுவீர்கள். மழை பெய்தது, வயல் மோட்டார்களுக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்த நேரம், போன நேரம், யாரோ புதுப் போர் போட்டது. இவையெல்லாம் எனக்குப் புரிந்தது. நடுவில் காது குத்து, சீர், பஞ்சாயத்து, கறவை மாடு காணாமல் போய்த் தேடியது என்றெல்லாம் இருந்தது. நோட்டில் உள்ளதைத் தேதி வாரியாக வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. தண்ணீர்ப் படத்தில் காது குத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"எறநூறு பேரு வந்து கை கழுவுனா தண்ணிக்குத் தெரியாதுங்களா? எது வேணும், எது வேணாம்னு இப்பவே எப்பிடிச் சொல்ல முடியும்? எழுதி வெச்சுக்குவோம்."

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தீர்கள். நோட்டில் ஆள் பெயர் வராது. "நடந்தது போதும். யாருக்கு நடந்ததுன்னு படத்துக்கு எதுக்கு? பேரு எழுதுனா நாளைக்கு ஒருத்தரும் என்கிட்ட வாயத் தொறக்க மாட்டாங்க." அந்த ஊர்க்காரர்களுக்கு உங்கள் பெயரும் தேவைப்படவில்லை. மீட்டர் பார்க்க வருகிறவர் என்பதால் மீட்டரக்கா ஆகிவிட்டீர்கள்.

மாதம்மாளை எனக்கு அறிமுகப்படுத்தியதும் நீங்கள்தான், போனில். மூன்று ஊர்களில் மலையை ஒட்டிய ஊரின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, குழாயில் திறந்துவிடுவது அவர் வேலை. தொட்டிக்கு ஒரே ஒரு போர். காலை ஒன்பது மணிவாக்கில் மோட்டாரைப் போட்டால் சிறிது நேரம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் பெண்கள் மாதம்மாளைத்தான் திட்டினார்கள். தன் தெருவுக்கு மட்டும் விட்டுவிட்டு மூடிவிடுகிறார் என்று பேச்சு. அந்தப் போர் செத்துவிட்டது, அதை மூடிவிட்டு டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றலாம் என்று மேலதிகாரிகளின் யோசனை. அதற்குமுன் நம் மீட்டர் என்ன சொல்கிறது என்று நம்மிடம் ஓர் அறிக்கை கேட்டிருந்தார்கள். டிராக்டர் என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்பதை மாதம்மாள் பக்கத்து ஊரில் பார்த்திருந்தார். போரை மூடினால் பிறகு அதைத் திறக்க யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு.

அந்த அறிக்கையைத்தான் நான் எழுதினேன். நான்கு மாதத்து அளவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதுக்கு மேல் அந்தப் புள்ளி சிவப்பு, மாலைவரை சிவப்பு. ஒரே ஒரு நாள் மட்டும் பகல் முழுக்க நீலம். மழை இல்லை. மின்தடை இல்லை. கணினி அந்த நாளின்மேல் மஞ்சள் முக்கோணம் போட்டு, 'கருவிக் கோளாறாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தது. நானும் அப்படியே நினைத்தேன். அந்த நாளை மறைத்துவிட்டேன். போர் பயனற்றது என்று இரண்டு பக்கம் எழுதி முடித்து, உங்களிடம் படிக்கக் கொடுத்தேன். சுத்தமான வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

நீங்கள் அறிக்கையைப் படிக்கவில்லை. வழக்கம்போலப் பொத்தானை இழுத்தீர்கள். ஓர் இடத்தில் நிறுத்திப் பின்னால் போனீர்கள். முன்னால் வந்தீர்கள்.

"சார், இதுல ஒரு நாளு கொறையுதே."

"அது மீட்டர் கோளாறு. எடுத்துட்டேன்."

"என்னா கோளாறு?"

"தண்ணி ஏறியிருக்குன்னு காட்டுது. ஏறதுக்குக் காரணமே இல்ல."

நோட்டைப் புரட்டினீர்கள். "அன்னைக்கு நான் அங்கதான் இருந்தேன். ஒரு வாய் டீ கூட ஒருத்தரும் குடுக்கல. மேலத்தெருவுல ஒரு பெரியவரு தவறிட்டாரு. ஊருல அடுப்பே பத்த வெக்கல." கட்டத்தில் உங்கள் கோழிக்கிறுக்கலில் 'சாவு' என்று இருந்தது. அதை வரைபடத்தில் ஏற்றியவன் நானேதான். ஏற்றும்போது அது தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஓரத்தில் தள்ளியிருந்தேன்.

"கேட்டுட்டு அழிங்க சார்" என்றீர்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அழிக்க வேணாங்கல. கேட்டுட்டு அழிங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டால் எனக்குக் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர் இறந்ததற்கும் போரில் தண்ணீர் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம், துக்கத்தில் பூமி அழுகிறதா என்று கத்தினேன். நீங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, "அதான் எனக்கும் தெரியல. போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்று படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

மறுநாள் வந்த உங்கள் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட முகம். அந்த ஊரில் சின்னசாமி என்ற விவசாயியிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்களை விநோதமாகப் பார்த்து, "பொணம் கெடக்கறப்ப மோட்டாரு ஓடற சத்தம் கேக்கலாமுங்களாக்கா? எடுக்கற வரைக்கும் ஆட்டோவ நிறுத்தி வெச்சுருவோம்" என்றாராம். ஆட்டோ என்பது ஸ்டார்ட்டரோடு இருக்கும் சின்னப் பெட்டி. த்ரீ பேஸ் கரண்ட் வந்த நொடியில் மோட்டாரைத் தானாக ஓட்டிவிடும். ஆள் போய்ப் போட வேண்டியதில்லை. காலை ஒன்பதுக்குக் கரண்ட் வரும். குடிநீர்ப் போரைச் சுற்றியிருக்கும் பதினொரு கிணற்று, போர் மோட்டார்களும் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கும். அதே நேரத்தில்தான் மாதம்மாளும் தொட்டிக்குப் போடுகிறார். சுற்றிலும் பதினொரு பேர் உறிஞ்சினால் அவர் குழாயில் காற்றுத்தானே வரும்? சாவு விழுந்த அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் நிறுத்தியிருக்கிறார்கள், தண்ணீர் ஏறியிருக்கிறது. போர் சாகவில்லை.

அறிக்கையைக் கிழித்தேன். நல்லவேளை, நான் மறைத்தது படத்திலிருந்துதான். மீட்டர் அனுப்பிய அளவுகள் அப்படியே இருந்தன. ஒரு நாளை வைத்துக்கொண்டு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டு மாத அவகாசம் கேட்டு வாங்கினோம். அந்த இரண்டு மாதம்தான் நம் வேலையிலேயே எனக்குப் பிடித்த காலம். மூன்று ஊரின் சாவுகளையும் மீட்டர் அளவோடு வைத்து ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊரின் புள்ளிகள் மட்டும் நீலமாயின. பக்கத்து ஊர்ப் புள்ளிகள் வழக்கம்போலச் சிவந்தன. மாரியம்மன் பண்டிகை நாளில் தண்ணீர் இன்னும் மேலே ஏறும் என்று நான் பந்தயம் கட்டினேன், ஊரே கோயிலில் அல்லவா இருக்கும்? தண்ணீர் பாதாளத்துக்குப் போனது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "பண்டிகைன்னா ஆட்டோவ நிறுத்தணும்னு எவனுக்கு ஞாபகம் வரும்? அது பாட்டுக்கு ஓடிக் கெடக்கும், இவங்க பாட்டுக்கு ஆடிட்டு இருப்பாங்க!" இப்படியெல்லாம் ஊரின் நடப்பு தண்ணீரில் தெரியும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். நம் வரைபடத்தில் மீட்டர் ஒரு புள்ளி, நடந்த செய்தியும் ஒரு புள்ளி. சாவு என்று பதிந்தால் இறந்தவர் வீட்டின் மேல் ஒரு குண்டூசித் தலை விழும். நீங்கள் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"சாவு இந்த வூட்டுல நடக்குது, செரி. மோட்டாரு நிக்கறது எது வரைக்கும்? அது வரைக்கும் இந்தச் சாவு இருக்குதுன்னுதான அர்த்தம்? அப்ப எதுக்குங்க ஒரு புள்ளி? எவ்ளோ தூரம் போச்சோ அவ்ளோ தூரம் வண்ணம் அடிங்க."

"அதுக்கு மென்பொருள்ல இடம் இல்ல. அது ஒரு புள்ளிதான் கேக்கும்."

"மென்பொருள் கேக்காதா, நீங்க கேக்க மாட்டீங்களா?"

பிறகு செய்கிறேன் என்றேன். மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டீர்கள், ஒவ்வொரு முறையும் பிறகு என்றேன்.

தொட்டிக்குக் கீழே ஊர்க் கூட்டம் போட்ட நாளுக்கு என்னையும் இழுத்துப் போனீர்கள். நான் அந்த ஊரை முதன்முதலில் பார்த்தது அன்றுதான். ஒன்றரை வருடமாகத் திரையில் பார்த்த புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது, அதை நான் வரைந்திருக்கவில்லை. மடிக்கணினியை ஒரு கவிழ்த்த அண்டாமேல் வைத்து, பொத்தானை இழுத்து இழுத்துக் காட்டினீர்கள். சின்னசாமிக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "எங்க மோட்டார எல்லாம் படம் புடிச்சு வெச்சுட்டு, நாளைக்கு மூடச் சொல்லுவீங்க, அதான?" என்றார். பேச்சு எங்கோ போய்விடும் என்று நான் மடிக்கணினியை மூடப் போனேன். படத்தில் யார் பெயரும் இல்லை, யார் மோட்டாரும் தனியாக இல்லை, நீங்களே வந்து பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுப் பொத்தானை அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் இழுத்தார். மேலத்தெருப் பெரியவர் இறந்த நாளில் புள்ளி நீலமானது. அவர் பின்னால் இழுத்து, மறுபடி அதே நாளுக்கு வந்தார்.

அதுவரை பின்னால் நின்றிருந்த மாதம்மாள் முன்னால் வந்தார்.

"ஒரு வருசமா என்னை என்னா பேச்சுப் பேசுனீங்க. நான் தண்ணிய மறைச்சு வெக்கறேன்னு சொன்னீங்க. செரி, இப்ப கேக்கறேன். இந்த ஊருல ஒருத்தரு செத்தாத்தான் எனக்குத் தண்ணி வருமா? நான் யாரு சாவணும்னு சாமி கும்புடறது?"

சின்னசாமிதான் பொத்தானை விட்டுவிட்டு, "கரண்ட் வந்து ரெண்டு மணி நேரம் நாங்க ஆட்டோவ நிறுத்தி வெக்கறோம். நீ தொட்டிய ரொப்பிக்க" என்றார். மற்றவர்கள் முனகினார்கள், ஆனால் சரி என்றார்கள். மறுநாள் ஒன்பதுக்கு அலுவலகத்தில் நாம் இருவரும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதேகால், ஒன்பதரை, பத்து. அந்தப் புள்ளி சிவக்கவில்லை. பதினொன்றுக்குத்தான் சிவந்தது. நீங்கள் மாதம்மாளைப் போனில் கூப்பிட்டீர்கள். அந்தப் பக்கம் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. போரை மூடும் யோசனை கைவிடப்பட்டது. இன்றுவரை அந்த ஊர் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நீங்கள் போனது நான்கு மாதத்துக்கு முன்னால். முந்தைய நாள் மாலை வரை வேலை செய்துவிட்டு, நெஞ்சு கரிக்கிறது, புளிச்சோறு வேலை காட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினீர்கள். விடியற்காலையில் உங்கள் அண்ணனிடமிருந்து போன். நான் உங்கள் ஊரான இண்டூருக்கு வந்து சேர்ந்தபோது உங்களை வீட்டு முன்னால் கிடத்தியிருந்தார்கள். மாம்பழ அட்டை நோட்டு உங்கள் பையிலேயே இருந்தது. அண்ணன் அதை என்னிடம் கொடுத்தார். பதினொரு மணிபோல மாதம்மாள் ஏழெட்டுப் பெண்களோடு ஒரு டெம்போவில் வந்து இறங்கினார். உங்கள் காலடியில் உட்கார்ந்து அவர் அழுதபோது என்னாலும் அடக்க முடியவில்லை. நாலு மணிக்கு உங்களை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை. தினமும் இழுத்துப் பார்த்தது நீங்கள்தான். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து வேறு வரைபடங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் வழக்கமான அறிக்கைக்காக எல்லா நாட்களையும் ஓட்டினேன். ஒரு நாளில் மஞ்சள் முக்கோணங்கள் வரிசையாக விழுந்தன. ஒன்றல்ல, ஆறு. மூன்று ஊரிலும் சேர்த்து ஏழு மீட்டரில் ஆறு மீட்டர் பகலில் நீலமாக நிற்கின்றன. தேதியைப் பார்த்தேன். உங்கள் தேதி. சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. இண்டூர் எங்கே, சித்தேரி மலையடிவாரம் எங்கே? தருமபுரிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர்ச் சாவுதான். பக்கத்து ஊர்ச் சாவுக்கே நிறுத்தாதவர்கள் அவர்கள். கரண்ட் போயிருக்கும் என்று விசாரித்தேன், ஒன்பதுக்கு வந்து மாலைவரை இருந்திருக்கிறது. மழை இல்லை. மீட்டர்கள் ஒட்டுமொத்தமாகக் கெட்டுவிட்டன என்று எழுதி, அந்த நாளை மறைக்கப் போனேன். சுட்டியை வைத்துவிட்டேன்கூட. உங்கள் குரல் கேட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். பழைய வெட்கம்தான் வந்தது. மாதம்மாளுக்குப் போன் போட்டேன்.

"மாதம்மா, அன்னைக்கு உங்க ஊருல ஏதாவது சாவுங்களா?"

"ஆமாங்க சார்."

"யாருங்க?"

"என்னா சார் இப்பிடிக் கேக்கறீங்க. நீங்களுந்தான இருந்தீங்க. நம்ம மீட்டரக்கா சாவுதானுங்களே."

"அவங்க ஊரு இண்டூருங்களே மாதம்மா."

"அது பொறந்த ஊருங்க சார். நான் ஒண்ணும் சொல்லலைங்க, நான் பாட்டுக்கு வண்டி ஏறி வந்துட்டேன். திரும்பி வந்தாத்தான் தெரியுது, ஒருத்தரும் ஆட்டோவ எடுக்கவே இல்லைன்னு. சின்னசாமியண்ணன்தான் பக்கத்து ஊருக்கெல்லாம் சேதி சொன்னாராம். எடுத்தாச்சுன்னு நான் அங்க இருந்து போன் பண்ணுனப்புறந்தான் போட்டாங்களாம்."

போனை வைத்துவிட்டுப் பொத்தானை மிக மெதுவாக இழுத்தேன். கால் மணி, கால் மணியாக. மாதம்மாள் ஊரில் பதினொன்று ஆகியும் மூன்று புள்ளியும் சிவக்கவில்லை. அடுத்த ஊரில் ஒன்பதுக்கு இறங்கத் தொடங்கி, ஒன்பதரைக்கு நின்று, மேலே திரும்புகிறது. மூன்றாவது ஊரில் பத்தேகால் வரை இறங்கிவிட்டுத் திரும்புகிறது. சேதி ஊர் ஊராக நடந்து போவது அப்படியே தெரிந்தது. யார் யாரோ தங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தேடிப் போய்க் கையை வைத்திருக்கிறார்கள். நாலு மணி அளவில் ஆறும் நீலம். நாலேகால் நீலம். நாலரையில் மூன்று ஊரும் ஒன்றாகச் சிவக்கத் தொடங்குகின்றன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். பேட்டரிக் கடைப் பையன் எதற்கோ மேலே வந்தவன் அப்படியே இறங்கிப் போய்விட்டான்.

அப்புறம் நீங்கள் கேட்ட வேலையைச் செய்தேன். நடந்ததைப் புள்ளியாக வாங்கும் இடத்தில், பரப்பாக வரைந்துகொள்ளும்படி மாற்றினேன். ஒரு வாரம் ஆனது. ஒரே ஒரு வாரம். இரண்டு வருடம் உங்களிடம் பிறகு, பிறகு என்று சொன்னது இந்த ஒரு வார வேலைக்குத்தான். மன்னிப்பு கேட்டால் நீங்கள் கேலி செய்வீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

முதலில் மேலத்தெருப் பெரியவருக்கு வரைந்தேன். அவர் ஊரோடு நின்றது. மற்றவர்களுக்கும் அப்படியே, ஊருக்கு ஒரு திட்டாக. உங்களுக்கு வரையும்போது திரையைச் சுருக்க வேண்டியிருந்தது. இண்டூரில் தொடங்கி, தருமபுரியைத் தாண்டி, மலையடிவாரம் வரை நீண்டது. நடுவில் நம் அலுவலகமும் வருகிறது. அங்கே மீட்டர் எதுவும் இல்லை, இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். நடந்தது என்ற கட்டத்தில் 'சாவு' என்று மட்டும் எழுதினேன். பெயர் எழுதக் கை பரபரத்தது. உங்கள் கட்டுப்பாடு, அதனால் விட்டுவிட்டேன்.

சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை. ஏழு மீட்டரில் ஆறுதான் ஏறியது என்றேன் அல்லவா? மூன்றாவது ஊரின் தென்கோடியில் இருக்கும் ஒரு புள்ளி அன்று முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சேதி போய்ச் சேரவில்லையோ, ஆள் ஊரில் இல்லையோ, உங்களோடு ஏதாவது மனத்தாங்கலோ, மீட்டரே கெட்டுவிட்டதோ. அது ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நேற்று வந்த மீட்டருக்குப் பேட்டரி போட்டாகிவிட்டது. பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் போதும் என்று மாதம்மாள் சொன்னார். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாளைக் காலைக்கு உங்கள் நோட்டைப் பையில் வைத்துவிட்டேன். பாதிக்குமேல் வெறும் பக்கம். அந்தச் சிவப்புப் புள்ளியை அப்படியே வைத்திருக்கிறேன். போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.